வடிகட்டிய தூசி

கற்பகத்தின் நுரையீரல் செல்கள் நன்றாக வளர்ந்தன. அனுப்பிரியாவுக்கு எரிச்சலே அதில்தான்.

கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் நுரையீரலில் இருந்து பரிசோதனைக்கு வெட்டி எடுக்கும் சதையில், நோயாளி சம்மதித்தால், பட்டாணியளவு துணுக்கு அவளுக்கு வரும். ஐஸ் பெட்டியில் வைத்து வாளையாறு தாண்டிக் கொண்டுவருவாள். அதைச் செல் செல்லாகப் பிரித்து, குளிரில் நீராகவும் சூட்டில் கெட்டியாகவும் மாறுகிற ஒரு ஜெல்லில் கலந்து, தட்டில் சொட்டுச் சொட்டாக இட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் மூடிவைப்பாள். எல்லாம் கூடி வந்தால் செல்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, உள்ளே வெற்றிடம் விட்டு, கசகசாவைவிடச் சின்ன உருண்டைகளாகத் திரளும். ஆர்கனாய்டு என்று அதற்குப் பெயர். மூச்சு விடாது, ரத்தம் ஓடாது. ஆனால் நுரையீரலின் சுவரில் இருக்கும் அதே செல்கள். ஒரு மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க முடியாத விஷத்தையும் மருந்தையும் இதற்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

எல்லாம் கூடி வருவதுதான் அபூர்வம். ஜெல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். வழியில் எங்கோ வெயிலில் கிடந்து, திறக்கும்போதே கெட்டியாக இருக்கும். ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் வேலை பார்த்த ஒருவரின் செல்கள் அழகாகத் திரள ஆரம்பித்த வாரத்தில், மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டது. இன்னொருவரின் தட்டில் பாக்டீரியா புகுந்து பால் மாதிரி வெளுத்துப்போனது. கொழிஞ்சாம்பாறையில் அவளுடைய அம்மா மருதாத்தாள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம், "இன்னும் முளைக்கலியாக்கும்?" என்றுதான் கேட்பாள். தென்னையும் கடலையும் போடுகிற வீட்டில் வேறு எப்படிக் கேட்பார்கள்?

"முளைக்குதும்மா. முளைச்சுட்டுச் சாவுது."

கற்பகத்தினுடையது மட்டும் சாகவில்லை. தேவிகுளத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலை பாக்டரியில், தூள் சலிக்கும் கூடத்தில் கல்யாணமான புதிதிலிருந்து வேலை பார்த்தவள் அவள். சல்லடை மெஷின்கள் ஆட ஆடத் தூசி பறக்கும் கூடம். வருஷக்கணக்கான இருமலுக்குப் பிறகு, அவளுடைய நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு மாடி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படிப்பட்டவளின் செல்கள் தட்டில் உருண்டு திரண்டு, கண்ணாடி மணி போலத் தெளிவாக, எந்தக் குறையும் இல்லாமல் பெருகின.

அனுப்பிரியா மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சலித்தாள். தழும்பு இல்லை, இறுக்கம் இல்லை. நோயை ஆராய வளர்த்தது, நோயே இல்லாமல் நின்றது.

"இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அனு," என்றார் டாக்டர் இந்து. ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். பாலக்காட்டு மலையாளி, பேசுவது தமிழானாலும் இடையில் அவருடைய மொழி வந்து விழும். "உடம்பை விட்டு வந்தாச்சு. நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று. பின்னே ஏன் சீக்காகணும்? அவள் சுவாசித்ததை இதுக்கும் கொடு. அப்போ தெரியும்."

அவள் சுவாசித்தது தேயிலைத் தூசி. எஸ்டேட் நிர்வாகத்திடம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள், பதில் வரவில்லை. இதை அனுப்பிரியா பேச்சுவாக்கில் சொல்லப்போய், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கற்பகம் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். உள்ளே பழுப்பாக, பஞ்சு மாதிரித் தூசி.

"மெசினுக்கு அடியில கூட்டுனது. சூப்பரைசர் பாத்திருந்தா அன்னைக்கே வெளிய போடின்னுருப்பாரு." சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. "டாக்டரம்மா, இந்தத் தூசியாலதான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, எனக்கு அது போதும்."

"நான் அந்த டாக்டர் இல்லீங்கக்கா. மருந்து குடுக்குற டாக்டர் இல்ல."

"தெரியும். இருந்தாலும் நீங்க சொன்னா கேப்பாகல்ல?"

அவள் எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று கணவன் சுடலைமணி விளக்கினான். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுபவன். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு கற்பகத்தின் பேரில்தான் இருக்கிறது. முடியவில்லை என்று அவளாக வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலையால் வந்த நோய் என்று தீர்ப்பானால், நஷ்டஈடும் உண்டு, வீடும் நிற்கும். கேஸ் போட்டிருக்கிறார்கள். கம்பெனி தரப்போ விறகடுப்புப் புகையால் வந்தது என்று சொல்கிறது.

"எங்க வீட்ல கேஸ் அடுப்பு வந்து எம்புட்டு வருசம் ஆச்சு," என்றான் சுடலைமணி. "அதச் சொன்னா, முன்னாடி ஊதுனது எல்லாம் உள்ள நிக்குமாம்."

அனுப்பிரியா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அன்று அவளுக்கு இருந்த உற்சாகம் பிறகு வந்ததே இல்லை.

தூசியை அப்படியே தட்டில் போட்டபோது, சீக்கிரமே தட்டு முழுக்கப் பூஞ்சை பூத்தது. பாக்டரித் தூசியில் பூஞ்சை விதை இல்லாமல் இருக்குமா? உருண்டைகள் எல்லாம் நார்நாராகப் பூஞ்சைக்குள் மூழ்கிச் செத்தன. மறுபடி செய்தாள், மறுபடி பூஞ்சை. டாக்டர் இந்து சொன்ன வழி எல்லா ஆய்வுக்கூடமும் செய்கிற வழிதான்: தூசியைத் தண்ணீரில் ஊறவைத்து, கிருமி கூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தாள். உருண்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவைக் கூட்டினாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே வளர்ந்தன.

"நெகடிவ் ரிசல்ட்டும் ரிசல்ட்தான், கேட்டோ," என்றார் டாக்டர் இந்து. ஒரு மாநாடு வந்துகொண்டிருந்தது. எதையாவது அனுப்பாவிட்டால் அடுத்த வருஷம் ஆய்வுக்குப் பணம் கிடைக்காது. ஒரு பக்கத்துக்குள் சுருக்கம் எழுதி அனுப்பினார்கள். அனுப்பிரியா வைத்த தலைப்பில் 'வடிகட்டிய சாறு' என்று இருந்தது. டாக்டர் இந்து அதைச் சுருக்கினார்: 'தேயிலைத் தூசியால் மனித நுரையீரல் ஆர்கனாய்டுகளுக்குப் பாதிப்பு இல்லை.'

"தூசி இல்லீங்களே மேடம், சாறுதானுங்களே."

"செய்முறையில் அது இருக்கே. வாசிக்கிறவன் வாசிச்சுக்குவான்."

கடைசியில் வார்த்தை வரம்பு மீறியது என்று செய்முறையும் இரண்டு வரியானது. அந்த இரண்டு வரியில் வடிகட்டி இல்லை. அனுப்பிரியா இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். கடைசித் தேதி அன்றுதான் என்பதால் விட்டுவிட்டாள். மாநாட்டுக்காரர்கள் எல்லாச் சுருக்கங்களையும் இணையத்தில் போட்டார்கள்.

சுடலைமணி ஃபோன் செய்தபோது அவள் தட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"டாக்டரம்மா, நீங்க எழுதுன பேப்பர்னு ஒன்ன கம்பெனி வக்கீல் கேஸ்ல வச்சிருக்காரு. இடுக்கில தேயிலை பாக்டரில வேல பாத்த ஒரு பொம்பளையோட செல்லுல தூசியப் போட்டாகளாம், ஒன்னும் ஆவலியாம். அது நம்ம கற்பகந்தானே?"

அவள் கையில் இருந்த தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"எங்க வக்கீல் கேக்காரு, என்னப்பா இது, நீங்களே குடுத்துட்டு வந்த சாமானான்னு. கற்பகத்துக்கிட்ட இன்னும் சொல்லல. நீங்க வந்து, அது அப்படி இல்லன்னு சொல்லிருங்கம்மா."

டாக்டர் இந்து போக வேண்டாம் என்றார். ஒரு கடிதம் அனுப்பினால் போதும், நாம் ஆராய்ச்சி செய்கிறவர்கள், கேஸில் தலையிடுகிறவர்கள் அல்ல என்றார். கடிதத்துக்கு ஒரு வாசகமும் சொன்னார்; அதில் ஒரு பக்கமும் சாயாத வார்த்தைகளாக இருந்தன. அனுப்பிரியா அதை எழுதிப் பார்த்தாள். முழுக்க வாசித்தும் தூசியைச் சோதித்தோமா இல்லையா என்பது விளங்கவில்லை.

"நான் போயிட்டு வந்தர்றனுங்க மேடம். லீவு போட்டுக்குறேன்."

"போய் என்ன சொல்லுவே? நம்ம பேப்பர் தப்புன்னா?"

"பேப்பர்ல விட்டுப்போனதச் சொல்லுவனுங்க."

உடுமலைப்பேட்டை போய், மறையூர் வழியாக மேலே ஏறினாள். மூணாறில் இருந்து சுடலைமணி ஜீப்பில் கூட்டிப்போனான். தேவிகுளத்தில் விசாரணை நடந்த கட்டடத்துக்கு ஏறிப்போகப் படிகள். கற்பகம் படிகளின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன்பு பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் கழுத்தெலும்பு தெரிந்தது. அவளுக்குச் சேதி தெரிந்துவிட்டது என்பது முகத்திலேயே இருந்தது. 'வாங்க' என்று மட்டும் சொன்னாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே ஏற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவள் நின்று மூச்சு வாங்கியபோது அனுப்பிரியாவால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

விசாரணை அதிகாரி நடுவயதுக்காரர். மலையாளத்தில் ஆரம்பித்து, எதிரே இருப்பவர்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். கம்பெனி வக்கீல் தாளை நீட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"தலைப்பை வாசிங்க."

வாசித்தாள்.

"இதில் சொல்லியிருக்கிற பெண் தொழிலாளி யார்?"

"அது சொல்லக்கூடாதுங்க. துணுக்குக் குடுத்தவங்க பேரு வெளிய வரக்கூடாதுன்னு விதி இருக்குதுங்க."

"நாந்தான்," என்றாள் கற்பகம், பெஞ்சிலிருந்து. "எல்லாருக்குந்தான் தெரியுமே. என்னோடதுதான்."

வக்கீல் அதிகாரியைப் பார்த்துத் திரும்பினார். "அப்போ மனுதாரரோட சொந்தச் செல்லுக்கே தூசி ஒன்னும் செய்யலைன்னு, அவங்க செல்லை வளர்த்தவங்களே எழுதியிருக்காங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல இருக்கு?"

அனுப்பிரியா குறுக்கே பேசினாள். "தூசி குடுக்கலீங்க. தூசிய ஊற வெச்சு, வடிகட்டி, அந்தத் தண்ணியத்தானுங்க குடுத்தோம். தூசி வடிகட்டியிலயே நின்னுபோச்சுங்க. அதுல இருந்த பூஞ்சையும் நின்னுபோச்சு. உள்ள போனது சாறு மட்டுந்தானுங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அதாவது, பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்துப் பார்த்திருக்கீங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஏறக்குறைய அதுதானுங்க," என்றாள்.

"தலைப்பில் தூசின்னு இருக்கே?"

"அது தப்புங்க. சாறுன்னு இருந்திருக்கோணும்."

வக்கீல் விடவில்லை. "வடிகட்டாமல் கொடுத்துப் பார்த்தீங்களா?"

"பார்த்தோமுங்க. பூஞ்சை புடிச்சு எல்லாமே செத்துப்போச்சு."

"தூசியால் செத்ததா, தட்டில் பூஞ்சை வளர்ந்ததால் செத்ததா?"

"பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

"இந்த அம்மாவோட நோய் எங்க பாக்டரித் தூசியால்தான் வந்ததுன்னு உங்க சோதனை காட்டுதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஊர் முழுக்க நம்புவது போல, தூசிதான் காரணம் என்று அவளுக்கும் நம்பிக்கைதான். கற்பகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டலீங்க."

அதிகாரி கேட்டார்: "தூசியால் வரலைன்னு காட்டுதா?"

"அதையும் காட்டலீங்க சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். மருத்துவர் குழு ஒன்று மனுதாரரை நேரில் பார்த்து அறிக்கை தரட்டும் என்று சொல்லி விசாரணையைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் கற்பகம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். மூடுபனி எதிர்மலையை மறைத்திருந்தது. சுடலைமணி ஜீப்பை எடுக்கத் திரும்பியவன், அவள் பேச ஆரம்பித்ததைக் கேட்டு நின்றுவிட்டான்.

"ஆமாம்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. இதச் சொல்லத்தான் அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தியாக்கும்?" இதுவரை 'நீங்க' என்றவள் 'நீ' என்றாள்.

"எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்கக்கா. பொய் சொன்னா அந்த வக்கீல் அங்கேயே கிழிச்சிருப்பாரு."

"உன்னயப் பொய் சொல்லச் சொல்லலையே. ஒரு பாட்டில் தூசி குடுத்தேன். மாட்டுனா வேல போயிருமேன்னு பயந்து பயந்து கூட்டிக் குடுத்தேன். அதக் காப்பி வடிக்க மாதிரி வடிச்சு, தூசியத் தூரக் கொட்டிட்டு, தூசியால ஒன்னுமில்லன்னு எழுதுனியே, அது என்ன உண்ம?"

அனுப்பிரியா தலைப்பு எப்படி மாறியது என்று சொல்ல வாயெடுத்தாள். மேடம், மாநாடு, வார்த்தை வரம்பு. சொல்லும்போதே அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"என்னய அறுத்து எடுத்தத வச்சே எனக்கு எதிராப் பேச வச்சுட்டிய எல்லாருமா." கற்பகம் மூச்சுக்காக நிறுத்தினாள். "அது இன்னும் உசுரோட இருக்கா?"

"இருக்குதுங்கக்கா. நல்லா இருக்குது."

"கொன்னுரு."

"ஏ, என்ன பேச்சு பேசுத?" என்றான் சுடலைமணி. "அந்தப் பிள்ள வேல மெனக்கெட்டு வந்து, அந்தத் தாள் செல்லாதுன்னு சொல்லிருக்கு. கோவத்துல எதையாவது..."

"என் சதைதானே? நாஞ் சொல்லுதேன்."

அனுப்பிரியா கீழே, அவள் காலடிப் படியில் உட்கார்ந்தாள். இப்போது வேறு வழி வைத்திருக்கிறோம் என்றாள். கதிர்வீச்சில் தூசியைக் கிருமி நீக்கிக்கொண்டு வந்தால் பூஞ்சை முளைக்காது, வடிகட்டவும் வேண்டாம், தூசி தூசியாகவே செல்லில் படும். கூடவே தழும்பு உண்டாக்கும் செல்களையும் சேர்த்து வளர்த்தால், உடம்புக்குள் நடப்பது தட்டிலும் நடக்கலாம். அதற்கு இந்தச் செல்கள்தான் வேண்டும். வேறு யாருடையதும் நிற்கவில்லை.

"எப்பத் தெரியும்?"

"ஒரு வருசம் ஆகலாமுங்க."

"தெரிஞ்சிருமா?"

"தெரியாமலும் போகலாமுங்க."

கற்பகம் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் குறைந்து களைப்பு தெரிந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. "அடுத்த தடவையும் ஒன்னுமில்லன்னு வந்துச்சுன்னா? அதையும் எழுதுவிய. அதையும் எவனாவது எடுத்துட்டு வருவான். எனக்குக் கிடக்குறது கொஞ்ச மூச்சு. அத வச்சுட்டு என் சதையோடயே என்னால சண்ட போட முடியாது. வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் சொல்லலாம்னு துணுக்குக் குடுத்த அன்னைக்கு நீதான சொன்ன? இப்பச் சொல்லுதேன். ஒப்புப் போடணும்னா தாளக் கொண்டா."

அனுப்பிரியா பையிலிருந்து தாள் எடுத்து, அவள் சொன்னதை எழுதினாள். கற்பகம் மடியில் வைத்து மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். இறங்கும்போது அனுப்பிரியாவின் கையை விலக்கிவிட்டு, கணவனின் தோளை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் விடு," என்றார் டாக்டர் இந்து, தாளை வாசித்துவிட்டு. "ஆள் ஆறிடும். அப்புறம் நானே பேசுறேன்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க மேடம்."

"என்னால் வந்ததுன்னு எனக்குத் தெரியும், அனு. அந்தத் தலைப்பு என்னோடது. அதுக்காக இருக்கிற ஒரே நல்ல செல்லையும் அழிச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்? அவளுக்கும் இல்லை, அவளைப் போல இருக்கிறவங்களுக்கும் இல்லை." அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "சரி. தட்டில் இருக்கிறதை அழிச்சிடு. திரவ நைட்ரஜனில் உறைஞ்சு கிடக்கிற மிச்ச செல் அப்படியே உறங்கட்டும். அது வளரலையே. யார் கேட்கப் போறாங்க?"

நைட்ரஜன் தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெள்ளை ஆவி வழிந்து தரையில் ஓடியது. அனுப்பிரியா தடித்த கையுறை போட்டு, கற்பகத்தின் குப்பிகள் இருந்த தட்டை மேலே தூக்கினாள். பெயர் இல்லை, ஒரு குறியீடு மட்டும். அவள் ஆய்வுக்கூடத்தில் கழித்த காலம் முழுக்கச் சேர்த்துவைத்தது என்று சொல்ல இந்தக் குப்பிகள்தான் இருந்தன. கற்பகத்தின் மேல் கோபம் வந்தது. இத்தனை பாடுபட்டு உயிர் கொடுத்ததை ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டாளே என்று வந்தது. மேடம் சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை. மலையில் இருமிக்கொண்டிருக்கும் மற்றவர்களை நினைத்தால் மேடம் சொன்னதுதான் நியாயம். ஒரு குப்பியை மட்டும் வேறு குறியீட்டில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

வைத்து என்ன செய்வது? என்றைக்காவது அதை வளர்க்க வேண்டும். வளர்த்ததை எழுத வேண்டும். எழுதினால், இடுக்கியில் தேயிலை பாக்டரியில் வேலை பார்த்த பெண் என்று எழுத வேண்டும். அந்த வரியைத் தன்னால் எழுத முடியாது என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவளிடமிருந்து திருடி வைத்துக்கொண்டு, அவள் நோயைப் பற்றி உண்மை எழுதுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

எல்லாக் குப்பிகளையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து, கடைசியாக ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். உருண்டைகள் வட்டமாக, தெளிவாக இருந்தன. பிளீச்சை ஊற்றினாள். உருண்டைகள் ஓரத்திலிருந்து கலங்கி, சுருங்கி, மங்கலாகிக் கரைந்தன. கிருமி நீக்கும் நீராவிக் கொதிகலனில் எல்லாவற்றையும் ஏற்றி, கதவைத் திருகி மூடியபோதுதான் அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் அவளால் ஒரு பெயர் சொல்ல முடியாது.

டாக்டர் இந்து அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மாநாட்டுக்காரர்களுக்கு அனுப்பத் திருத்தம் எழுதி அவரிடம் நீட்டியபோது, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மாநாட்டுக்காரர்கள் இணையப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், 'சோதிக்கப்பட்டது வடிகட்டிய சாறு' என்று சேர்த்தார்கள். தலைப்பை மாற்ற விதியில் இடமில்லையாம். இன்றும் யாராவது தேடினால் பழைய தலைப்புதான் முதலில் வருகிறது.

மழைக்காலம் முடிந்த பிறகு சுடலைமணி ஃபோன் செய்தான். மருத்துவர் குழு கற்பகத்தின் ஸ்கேனையும் சதைப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்து, பூஞ்சை பிடித்த இலைத்தூசியை நெடுங்காலம் சுவாசித்ததால் வருகிற வகை என்றும், வேலையிடத்தில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் எழுதியிருந்தது. அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார்.

"உங்க தாள அவரு ஓரமா வச்சுட்டாரும்மா. எழுதுனவுகளே தூசியச் சோதிக்கலன்னு சொன்னதால அது கணக்குல இல்லன்னு தீர்ப்புலயே வந்திருக்கு. கம்பெனி அப்பீல் போகுது. ஆனா அப்பீல் முடியுற வரைக்கும் வீட்டத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"ரொம்பச் சந்தோசமுங்கண்ணா." உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. "அக்கா எப்படி இருக்காங்க?"

"ஆக்சிசன் மெசின் வீட்டுக்கே வந்துருச்சு. அது ஓடுனாத்தான் தூக்கம்." ஃபோனில் அந்த மெஷின் விட்டுவிட்டு இரையும் சத்தம் கேட்டது.

"ஒரு வார்த்த பேசலாங்களா?"

சுடலைமணி ஃபோனை நகர்த்திக்கொண்டு ஏதோ கேட்டான். கற்பகத்தின் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. திரும்பி வந்தான்.

"பேச மாட்டேங்கா. கோவம்னு இல்ல, வேண்டாங்கா." தயங்கினான். "எங்க லயத்துல இன்னும் ரெண்டு மூணு பேருக்கு இதே இருமல் இருக்கு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதே நாந்தான். உங்களுக்குத் துணுக்குக் குடுப்பீங்களான்னு கேட்டுப் பாத்தேன். கற்பகத்துக்கு நடந்ததத் தெரிஞ்சவுக, யோசிக்காக. நான் கட்டாயப்படுத்தலம்மா."

"வேண்டாமுங்கண்ணா. கட்டாயப்படுத்தாதீங்க."

ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போனாள். கதிர்வீச்சில் கிருமி நீக்கிய தூசி போன வாரம்தான் வந்திருந்தது. பூஞ்சை முளைக்கிறதா என்று தனியாக வளர்த்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் முளைக்கவில்லை. வடிகட்ட வேண்டியதில்லை. அதைக் கொடுக்கத்தான் இப்போது செல் இல்லை. பள்ளிவாசல் எஸ்டேட்டில் இருந்து வந்த ஒருவரின் துணுக்கைப் பிரித்துப் போட்ட தட்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். செல்கள் ஜெல்லின் அடியில் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. ஒன்றுகூட உருளவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று வைத்திருந்த தட்டு அது. பார்த்தாயிற்று. பிளீச்சை ஊற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள்.

"இந்த வாரம் ஒருத்தருக்கு எடுக்குறாங்க," என்றாள் நர்ஸ். "ஆனா ஆராய்ச்சிக்குக் குடுக்க மாட்டேன்னுட்டார்."

"ஏனுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். எதுக்குப் பயன்படுத்துவீங்கன்னு தெளிவாச் சொல்ல ஆள் இருந்தா யோசிப்பாராம். நான் என்னன்னு சொல்றது?"

அனுப்பிரியா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "எந்த வார்டுங்க?" என்று கேட்டாள். "நான் வந்து சொல்றேன். சொல்லியும் வேண்டாம்னா விட்டுரலாமுங்க."